உருவம் மாறலாம், காவல் குறையலாமா?

சீனாவில் விற்பதற்கென்றே ஜெர்மன் கார்க் கம்பனிகள் தங்கள் கார்களை நீட்டின. 1999இல் அவுடி தன் ஏ6 காரின் நீண்ட வடிவத்தை அங்கே விற்கத் தொடங்கியது. பிஎம்டபிள்யூவின் 5ஆம் வரிசைக் காரும் மேர்சிடிஸ் பென்ஸின் ஈ வரிசைக் காரும் பின்னால் அதே வழியில் போயின. இந்த இரண்டிலும் கூட்டியது ஏறக்குறைய பதினான்கு சென்ரிமீற்றர்; அவ்வளவும் பின் ஆசனத்தில் இருப்பவரின் காலுக்குத்தான். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட காரைச் சொந்தக்காரர் பெரும்பாலும் தாமே ஓட்டுகிறார். சீனாவில் சாரதி ஓட்ட, சொந்தக்காரரோ அவருடைய பெற்றோரோ தொழில் பேச வந்த விருந்தாளியோ பின்னால் அமர்வது வழக்கம். வயதில் மூத்தவரை இடநெருக்கமில்லாமல் இருத்திக் கூட்டிப்போவது மரியாதை. புதுக் காரின் வாசனையும் அப்படித்தான். மற்ற நாடுகளில் பலர் விரும்பும் அந்த வாசனையைச் சீன வாடிக்கையாளர் வெறுப்பதால், ஆசனத் துணி, தோல், பசை என்று ஒவ்வொன்றையும் மணந்து பார்த்துத் தேர்வதற்கென்றே போர்ட் கம்பனி நாஞ்சிங் நகரில் ஆட்களை வைத்தது. 2024 நவம்பரில் அவுடி இன்னும் ஒரு படி போய், 1932இல் நான்கு கம்பனிகள் ஒன்றானதன் அடையாளமாக வந்த நான்கு வளையச் சின்னத்தையே எடுத்துவிட்டு, பெயரை எழுத்துகளில் மட்டும் பொறித்த ஒரு புதிய கார் வரிசையைச் சீனாவுக்கென்று அறிமுகம் செய்தது.

சின்னமும் போய், நீளமும் மாறி, வாசனையும் மாறிய பிறகு அது அதே கார்தானா என்ற கேள்வி எழும். இந்தக் கேள்வி மிகப் பழையது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் தேரில் வந்து இறங்கியபோது, அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று நாகசேனர் என்ற பிக்கு ஒவ்வொன்றாகக் கேட்ட உரையாடலை இலங்கைப் பௌத்தர்கள் நன்கு அறிவார்கள். எந்த உறுப்பும் தனியே தேராகாது. உறுப்புகள் ஒன்றுகூடிய நிலைக்கு நாம் இட்டிருக்கும் பெயர்தான் தேர் என்பது அங்கே கிடைக்கும் விடை. அதை ஏற்றுக்கொண்டால் அவுடியைப் பற்றிய கவலை தீர்ந்துவிடும். பெயருக்குள் எதை வைத்தாலும் பெயர் பெயர்தான். ஆனால் தேர் அதே தேரா என்று கேட்பதோடு நின்றுவிட்டால் தேரில் ஏறுகிறவரை மறந்துவிடுவோம். ஒரே பெயரில் இரண்டு நாடுகளுக்கு இரண்டு விதமாகக் கார் செய்யும்போது, அந்த இரண்டு நாட்டு மனிதரும் ஒரே மதிப்புடைய மனிதராகக் கருதப்பட்டார்களா? சமயமும் தத்துவமும் பேச வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு விடை தேட சீனா வரை போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் செய்யப்பட்ட கார்களையும், இலங்கை மலையகத்தில் கொட்டகலை வழியாக ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் ஓடும் கார்களையும் பார்த்தால் போதும்.

ஹூண்டாய் கம்பனியின் ஐ10 கார், 2007 முதல் சில ஆண்டுகள் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. காற்றுப்பைகளோடு ஐரோப்பாவுக்குப் போன ஐ10, 2008இல் அங்கே நடந்த மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் பெற்றது. 2014 சனவரியில் குளோபல் என்கெப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து கார்களின் மிக மலிவான வடிவங்களை வாங்கி, மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. மாருதி சுசுகி அல்ட்டோ 800, டாட்டா நானோ, போர்ட் ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, வோக்ஸ்வேகன் போலோ ஆகிய ஐந்தும் பெரியவர்களின் பாதுகாப்பில் பூச்சியம் நட்சத்திரம் பெற்றன. ஐந்திலும் காற்றுப்பை இல்லை. இவற்றில் ஐ10 இருங்காட்டுக்கோட்டையிலும் ஃபிகோ மறைமலைநகரிலும் செய்யப்பட்டவை. ஒரே தொழிற்சாலையில் தமிழ்த் தொழிலாளரின் கைகள், ஐரோப்பியத் தலைக்கு முன்னால் காற்றுப்பையைப் பொருத்தின. சொந்த அயலவரின் தலைக்கு முன்னால் வெறும் மூடியைப் பொருத்தின. அந்தத் தொழிலாளரில் யார் மீதும் இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. எந்தக் கார் எந்த நாட்டுக்கு, அதற்குள் என்னென்ன இருக்கவேண்டும் என்ற தாள் அவர்களுக்கு மேலே, வெகு தூரத்தில் எழுதப்பட்டது.

இது ஒரு கம்பனியின் கதையும் இல்லை, ஒரு நாட்டின் கதையும் இல்லை. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் செய்யப்பட்ட ரெனோ க்விட் 2016இல் இதே சோதனையில் பூச்சியம் பெற்றது. அடுத்த ஆண்டு பிரேசிலில் செய்யப்பட்ட க்விட், உடல் வலுவாக்கப்பட்டு, நான்கு காற்றுப்பைகளோடு வந்து, இலத்தீன் அமெரிக்கச் சோதனையில் மூன்று நட்சத்திரம் பெற்றது. தோற்றம் அதே தோற்றம், பெயர் அதே பெயர். இன்னும் கண்கூடான சாட்சி 2016 ஒக்டோபரில் அமெரிக்காவில் கிடைத்தது. நிசான் கம்பனி மெக்சிகோக்காரருக்கு விற்ற மிக மலிவான ட்சுரு காரையும், அமெரிக்கருக்கு விற்ற மிக மலிவான வேர்சா காரையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டும் மெக்சிகோவில் மெக்சிகோத் தொழிலாளர் செய்தவை. வேர்சாவில் இருத்தப்பட்ட பொம்மைச் சாரதி பிழைத்திருக்கக்கூடியவர். ட்சுருவில் இருத்தப்பட்டவருக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அந்த நாட்களிலேயே, அடுத்த ஆண்டு மே மாதத்தோடு ட்சுருவை நிறுத்துவதாக நிசான் அறிவித்தது. ஒரே கம்பனி ஒரே காலத்தில் ஒரே நாட்டில் செய்த இரண்டு கார்கள் என்பதால், தொழில்நுட்பம் தெரியவில்லை, அனுபவம் போதவில்லை என்று யாரும் சொல்ல இடமிருக்கவில்லை.

மலையகத்தில் இந்த வேறுபாட்டுக்குப் பெயரே இருக்கிறது. ஜப்பான் அல்ட்டோ, இந்தியன் அல்ட்டோ என்று கார் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் பிரித்துப் பேசுகிறார்கள். விலையும் அதற்கேற்பப் பிரிகிறது. இரண்டின் முகப்பிலும் சுசுகியின் அதே எழுத்து இருக்கிறது. ஜப்பானியர் தங்கள் சொந்த வீதிக்கென்று செய்த 660 சீசீ காரில் காற்றுப்பைகள் இருந்தன. மாருதி சுசுகி இந்திய வீதிக்குச் செய்து இங்கே வந்த அல்ட்டோ 800இன் மலிவு வடிவத்தில் அவை இல்லை. 2018இல் இலங்கை அரசு முன் ஆசனங்களுக்கான காற்றுப்பைகளையும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் முறையையும் இறக்குமதிக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் வந்தவை வந்தவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குக் கதவு திறக்காமல் இருந்ததால், அந்தப் பழைய கார்கள் விலையேறிக் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகின்றன. ஓடும் வீதியோ, மழையும் மூடுபனியும் மண்சரிவும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும் மலைவீதி. 2023 சனவரி 20ஆம் திகதி இரவு நானுஓயாவுக்கு அருகே ரதல்ல குறுக்கு வீதியில் ஒரு பஸ்ஸும் ஒரு வேனும் ஒரு முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. எந்த உலோகமும் தாங்கியிருக்க முடியாத விபத்துகளும் உண்டு. அந்த இரவை எந்தக் காற்றுப்பையோடும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் காவல் அதிகம் தேவைப்படும் வீதிக்குக் காவல் குறைந்த கார் வந்து சேர்ந்தது என்ற முறைகேட்டை இந்த மலைச்சரிவில் நின்று பார்க்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இடத்துக்கேற்ப மாறுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மலையகத் தமிழரின் சமயமே இடத்துக்கேற்ப மாறிய சமயம். திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்கள் தங்கள் ஊர் மாரியம்மனையும் முனியாண்டியையும் கூட்டி வந்தார்கள். ஊரில் எல்லையில் நின்ற முனி, இங்கே தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ரோதமுனி ஆனார். கவ்வாத்து வெட்டுகிற மலைக்குக் கவ்வாத்துசாமி வந்தார். பெயர் மாறியது, நிற்கும் இடம் மாறியது, படையல் மாறியது, பூசை நடக்கும் நாளும் தோட்டத்து வேலைநாளுக்கேற்ப மாறியது. மாறாத ஒன்று காவல். ஊர் எல்லையில் இருட்டில் போகிறவனைக் காத்தவர், இங்கே ரோதையில் கை அகப்படாமல் காக்கிறவர். கூலிக்கு வந்த ஏழைகள்தானே, பாதிக் காவல் போதும் என்று அந்த முனி இறங்கி வந்ததாக எந்தத் தோட்டத்திலும் நம்பிக்கை இல்லை. அப்படி ஒருவரை யாரும் தெய்வம் என்று கும்பிடவும் மாட்டார்கள். சைவம் இறைவனைப் பற்றிச் சொல்வதும் இதற்கு அடுத்த படிதான்: அடியவர் வேண்டும் உருவில் வருகிறான், ஆனால் உருவுக்கேற்ப அருள் கூடிக் குறைவதில்லை. ஆகவே எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதற்கு ஓர் அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. ஏற்கிறவரின் வாழ்க்கை முறைக்காக உருவத்தை மாற்றுவது அவரை மதிப்பது. ஏற்கிறவரின் மடியில் பணம் குறைவு என்பதற்காக அவருடைய உயிருக்கான காவலைக் குறைப்பது வேறு ஒரு செயல். அதை முதலாவதன் பெயரால் அழைக்கக்கூடாது.

இந்த வேறுபாட்டை மகாயான பௌத்தம் ஒரு வண்டிக் கதையாகவே வைத்திருக்கிறது. தாமரைச் சூத்திரம் என்று அறியப்படும் சத்தர்ம புண்டரீகத்தை 406இல் குமாரஜீவர் சீன மொழியில் பெயர்த்தார். சீனப் பௌத்தத்தில் அதற்கு ஈடான செல்வாக்குள்ள நூல்கள் சில மட்டுமே. அதில் ஒரு செல்வந்தரின் வீடு எரிகிறது. உள்ளே பிள்ளைகள் விளையாட்டில் மூழ்கி, கூப்பிட்டால் வருவதாயில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எது பிடிக்கும் என்று தகப்பனுக்குத் தெரியும். வெளியே வந்தால் ஆட்டு வண்டி தருகிறேன், மான் வண்டி தருகிறேன், மாட்டு வண்டி தருகிறேன் என்று அவரவர் ஆசைக்கேற்பச் சொல்லி வெளியே வரவைக்கிறார். வெளியே வந்த பிறகு அவர் எல்லோருக்கும் தருவது ஒரே விதமான, மிக உயர்ந்த, வெள்ளை மாடு பூட்டிய பெரிய வண்டி. அப்படியானால் அவர் பொய் சொன்னாரா என்று புத்தர் தம் சீடர் சாரிபுத்தரிடம் கேட்கிறார். உயிரைக் காத்ததே போதும், பொய் ஆகாது, அதற்கு மேல் சொன்னதைவிட நல்லதையே கொடுத்தாரே என்பது சாரிபுத்தரின் விடை. வெளிநாட்டுக் கார்க் கம்பனிகளின் தொழிலை இந்தக் கதையின் முன் வைத்துப் பாருங்கள். அழைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடலாம்: ஒருவருக்கு நீண்ட பின் ஆசனம், ஒருவருக்கு வாசனையற்ற உள்பக்கம், இன்னொருவருக்கு மேடுபள்ளத்தில் அடி தட்டாத உயரம். கையில் தருவது, உயிர் காக்கும் பங்கில், எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஐ10இலும் க்விட்டிலும் நடந்தது நேர் எதிர். அழைப்பில் பெயர் ஒன்றாக இருந்தது. வெளியே வந்தபோது ஒரு பிள்ளைக்குப் பெரிய வண்டியும் மற்றொரு பிள்ளைக்கு ஆட்டு வண்டியும் கொடுக்கப்பட்டன.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது ஏழையின் பக்கம் நின்று சொல்லப்படுவது. ஒரு மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் என்று நால்வர் மழையில் நனைந்துகொண்டு போகிறார்கள். அவர்களுக்குக் காற்றுப்பை இல்லாத காரும் பெரிய முன்னேற்றம்தான். நானோ காரை எண்ணியபோது ரத்தன் டாட்டாவின் மனதில் இருந்த காட்சி இதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். காவலைக் கூட்டினால் விலை கூடும், விலை கூடினால் அந்த நால்வரும் மோட்டார் சைக்கிளிலேயே இருப்பார்கள், ஆகவே உன் சமத்துவம் அவர்களைக் கொல்லும் என்கிறது இந்த வாதம். இதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. இந்தியாவில் சாரதிக்கான காற்றுப்பை 2019 யூலையிலும், பக்கத்து ஆசனத்துக்கானது 2022 சனவரியிலும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. அந்த ஆண்டுகளில் மிக மலிவான சிறிய கார்களின் விற்பனை விழுந்தது. புதிய விதிகளால் கூடிய செலவும் அதற்கு ஒரு காரணம் என்று மாருதி தொடர்ந்து சொல்லிவருகிறது. அல்ட்டோ 800 தயாரிப்பு 2023இல் நின்றது. ஆக, சில குடும்பங்கள் காருக்கு வெளியே நின்றுவிட்டன என்பது உண்மையாகவே இருக்கலாம்.

ஆனாலும் இந்த வாதம் நிரூபிக்க நினைப்பதை நிரூபிப்பதில்லை. 2014 சோதனைக்குப் பிறகு வோக்ஸ்வேகன், போலோவின் எல்லா வடிவங்களிலும் இரண்டு காற்றுப்பைகளைப் பொருத்தியது. அந்தப் போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. பூச்சியத்துக்கும் நான்குக்கும் இடையே நின்றது முடியாமை அல்ல, ஒரு முடிவு மட்டுமே. பிறகு, மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டுக் காரைப் புகழ்வது வாங்குகிறவருக்குச் சரியான ஒப்பீடு. விற்கிறவரின் கடமையை அளக்க அது உதவாது. அவர் இன்னொருவருக்கு எதைக் கொடுத்தார், இவருக்கு எதைக் கொடுக்காமல் விட்டார் என்பதே அங்கே அளவு. எல்லாவற்றையும்விட, தெரிந்து தெரிவு செய்தார்கள் என்ற அடிப்படையே இங்கே ஆட்டம் காண்கிறது. கார் விற்பனை நிலையத்திலும் லீசிங் கம்பனியின் மேசையிலும் மாதத் தவணை சொல்லப்பட்டது, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லப்பட்டது. மோதினால் என்ன ஆகும் என்று சொல்லப்படவில்லை. வாங்கினவராவது விலையைப் பார்த்து வாங்கினார். ட்ரேட்டன் தோட்டத்திலோ ஸ்டோனிகிளிப் தோட்டத்திலோ நடு இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு ஏற்றிப்போக ஹயருக்கு வருகிற காரை அந்தப் பெண் தெரிவு செய்யவில்லை. பின் ஆசனத்தில் மடியில் இருக்கும் குழந்தையும் தெரிவு செய்யவில்லை. சந்தையில் நடந்த பேரத்தின் விளைவு, பேரத்தில் இல்லாத உடல்கள் மேல் விழுகிறது.

அடுத்த மறுப்பு சட்டத்தின் பெயரால் வருகிறது. அந்தந்த நாட்டுச் சட்டம் கேட்டதைக் கம்பனி செய்தது. கேட்காததைச் செய்யாததற்கு அதைக் குற்றம் சொல்லலாமா என்கிறார்கள். சட்டம் கேட்காதபோது வியாபாரி எப்படி எண்ணுகிறார் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1973இல் போர்ட் கம்பனி அமெரிக்க அரசுக்குக் கொடுத்த ஒரு கணக்கில், கார் உருளும்போது எரிபொருள் கசியாமல் தடுக்க ஒரு காருக்கு 11 டொலர் ஆகும் என்று ஒரு பக்கமும், தீயில் இறக்கும் ஒருவருக்கு 200,000 டொலர் என்று மறுபக்கமும் எழுதி, தடுப்பதற்கே செலவு அதிகம் என்று காட்டினார்கள். அமெரிக்கர் அதைக் கேட்டுக் கொதித்தார்கள். ஓர் உயிருக்கு ஒரு தொகை என்று எழுதியதே கொடுமை என்றால், உயிருக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு தொகை என்று எழுதாமலே நடத்துவதை என்னவென்று சொல்வது? பண்டத்துக்கு விலை உண்டு, விலையுள்ளதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மனிதருக்கு இருப்பது ஈடு வைக்க முடியாத மாண்பு என்று 1785இல் கான்ட் எழுதினார். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே திருவள்ளுவர் இதை வியாபாரியின் மொழியிலேயே சொல்லிவிட்டார். நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகத்தைப் பற்றியது. பிறருடையதையும் தன்னுடையது போலப் பேணிச் செய்வதே வாணிகம் என்பது அதன் கருத்து. நீதிபதிக்கும் அரசனுக்கும் உரியதென்று நாம் எண்ணும் நடுவு நிலைமையைக் கடைக்காரருக்கும் உரியதாக்கியதுதான் அங்கே முக்கியம். தன் பிள்ளையை இந்தக் காரில் ஏற்றி இந்த மலைவீதியில் அனுப்புவேனா என்ற கேள்விக்கு எந்த நாட்டுச் சட்டமும் தடையாக நிற்கவில்லை.

பாதுகாப்பு என்பதும் மேற்கு நாட்டார் வகுத்த அளவுதானே, அதை எல்லோர் மேலும் சுமத்துவது இன்னொரு ஆதிக்கம் அல்லவா என்று கேட்கிறவர்களும் உண்டு. பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுவன பல. பின் ஆசனத்தில் யார் இருப்பது, எந்த வாசனை பிடிக்கும், எந்த நிறம் மங்கலம், முதல் ஓட்டத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதா வேண்டாமா என்பவை எல்லாம் அப்படிப்பட்டவை. அவற்றில் வெளியார் மூக்கை நுழைக்கக்கூடாது. விலா எலும்பு அப்படிப்பட்டதல்ல. மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதும்போது அது எந்த நாட்டு நெஞ்சு, எந்தச் சாமியைக் கும்பிட்ட நெஞ்சு என்பதால் எதுவும் வேறுபடுவதில்லை. வலியில் எல்லா உயிரும் ஒன்று என்பதைத்தானே நம் சமயங்கள் எல்லாம், தங்களுக்குள் எவ்வளவு சண்டையிட்டாலும், அடித்தளமாக வைத்திருக்கின்றன. சீனாவிலும் இதுதான் நடந்தது: 2006இலேயே அந்த நாடு தன் சொந்த மோதல் சோதனையைத் தொடங்கியது. இந்தியா தன் சோதனையை 2023இல்தான் தொடங்கியது. தன் வாசனையைத் தானே தீர்மானிக்கிற சீன வாடிக்கையாளர், தன் எலும்பையும் காக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகச் சீனாவில் யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, விற்கிறவர் இடத்தில் மலையகமே நிற்கும் ஒரு வழக்கையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. தேயிலையும் நாட்டுக்கு நாடு மாற்றிச் செய்யப்படும் பொருள்தான். எந்த நாட்டுக்கு எந்த ரகத் தூள், எந்தக் கலவை, எந்தப் பெட்டி என்று கொழும்பில் தீர்மானிக்கிறார்கள். 2015இல் கிளைபோசேட் களைகொல்லி தடை செய்யப்பட்ட பிறகு தோட்டங்களில் வேறு மருந்துகள் அடிக்கப்பட்டன. எம்சிபிஏ என்ற மருந்தின் எச்சம் கூடியதாக ஜப்பான் எச்சரித்தது. ஒரு கிலோ தேயிலையில் 0.01 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது என்பது அந்த நாட்டின் அளவு. அந்தச் சந்தை கைநழுவிப் போகுமோ என்ற பதற்றமும் சேர, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் கிளைபோசேட் தடை தளர்த்தப்பட்டது. தோக்கியோவில் ஒரு கோப்பை தேநீர் குடிப்பவரின் உடலுக்காக ஓர் ஆய்வுகூடம் மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கை எண்ணுகிறது. அதே மருந்தை முதுகில் சுமந்து, சரிவில் ஏறி இறங்கி, நாள் முழுவதும் அடிக்கிறவருக்குக் கையுறையும் முகமூடியும் சப்பாத்தும் எல்லாத் தோட்டங்களிலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. குடிப்பவருக்குக் கொடுத்த காவல் சரியானது, அது குறையக்கூடாது. அடிப்பவருக்கு மறுத்த காவல், இருங்காட்டுக்கோட்டையில் மறுக்கப்பட்ட காற்றுப்பையின் இனத்தைச் சேர்ந்தது. துரைக்குப் பங்களாவையும் தொழிலாளிக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவையும் ஒரே கம்பனி ஒரே மலையில் கட்டியபோது தொடங்கிய வழக்கம் இது. அந்தந்த ஆளுக்கு ஏற்றது என்று அப்போதும் சொன்னார்கள்.

என் அளவுகோல் எட்டாத ஓர் இடம் உண்டு, அது கொட்டகலைக் கடைத்தெருவிலேயே வரிசையாக நிற்கிறது. முச்சக்கரவண்டிக்கு மேல்நாட்டில் பரவலாக விற்கப்படும் உயர்ந்த வடிவம் என்று ஒன்று இல்லை. பணக்கார நாட்டுக்காரருக்கு நல்லதையும் நமக்குக் குறைந்ததையும் கொடுத்தார்கள் என்று அதைச் செய்கிறவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே ஓடும் வடிவம் நம்மைப் போன்றவர்களை எண்ணியே செய்யப்படும் வாகனம். இலங்கையில் பதிவானவை பத்து இலட்சத்துக்கும் மேல். பாடசாலைப் பிள்ளைகள், கொழுந்து எடுத்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்கள், நோயாளிகள் எல்லோரும் அதில்தான் போகிறார்கள்; கதவு இல்லை, பின்னால் ஆசனப்பட்டி இல்லை. மற்றவருக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு என்ற ஒப்பீட்டு நீதி இங்கே வாயடைத்துப் போகிறது. ஆகவே அதற்கு அடியில் இன்னொரு நீதியும் வேண்டியிருக்கிறது: யாருக்கு எது கொடுக்கப்பட்டாலும், கொடுக்கப்படாவிட்டாலும், இந்தச் சரிவில் இந்த வளைவில் போகும் ஓர் உடலுக்குக் குறைந்தது இவ்வளவு காவல் கடன் என்று முதலிலேயே ஒரு கோட்டைப் போடுகிற நீதி. அந்தக் கோட்டைப் போடவேண்டியது கார்க் கம்பனியா, அரசா, ஏறுகிறவர்களின் சங்கமா என்று கேட்டால், கார்களைப் பொறுத்தவரை அரசு 2018இல் ஒரு கோட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறது, அது முடியாத காரியமில்லை என்பேன். இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்திருக்கும் இந்த நேரத்தில் முச்சக்கரவண்டிக்கும், தேயிலை மலையில் மருந்து அடிப்பவரின் உடுப்புக்கும் அப்படி ஒரு கோட்டைக் கேட்பது, சம்பள உயர்வு கேட்பதற்கு எந்த வகையிலும் குறைந்த கோரிக்கை இல்லை. மலையகத்துத் தொழிற்சங்கங்கள் இதுவரை அதை அந்த இடத்தில் வைத்துக் கேட்கவில்லை. கேட்கவேண்டும்.